கேலியுருவும் மெய்யுருவும்: பழைய விளையாட்டுப் பொருள்களிற் கறுப்பின மக்களும் புத்தளத்துக் காப்பிரியரும்

தோற்றுவாய்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் அரச ஆவணங்களிலும் தேடுவது வரலாற்று மாணவர்க்கு இயல்பு. ஆயின், அச்சமுதாயம் தன் பிள்ளைகளின் கையிற் கொடுத்த பொம்மையும், விழாக்காலத்தில் நடத்திய பந்தய விளையாட்டும், பற்பசைக் கூட்டின்மேற் பொறித்த படமும் அதன் உள்ளக்கிடக்கையை அரச ஆவணங்களினும் தெளிவாக வெளிப்படுத்துதல் உண்டு. ஆவணம் எழுதுபவன் தன் சொற்களை அளந்தே எழுதுவான். விளையாட்டுப் பொருளைச் செய்பவனோ எல்லோரும் ஏற்றுக்கொண்டது எதுவோ, எல்லோரும் கண்டு சிரிப்பது எதுவோ, அதையே செய்வான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்ட விளையாட்டுப் பொருள்களிலும் மக்கள் கலைகளிலும் ஆபிரிக்க வழிவந்தோர் எவ்வாறு கேலியுருவாக்கப்பட்டனர் என்பதை நோக்குவதும், அக்கேலியுருவை இலங்கையின் வடமேற்குக் கரையில் வாழும் ஆபிரிக்க வழிவந்த மக்களின் மெய்யான வரலாற்றோடு ஒப்புநோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். பாலாவிச் சந்தியிலிருந்து வடக்கே புத்தளத்தை அடைந்து, அங்கிருந்து அநுராதபுர வீதியிற் சிறிது தூரஞ் சென்றால் சிராம்பியடி என்னும் ஊர் வரும். இலங்கைக் காப்பிரியர் ஒரு சமூகமாக வாழும் முதன்மையான இடம் அதுவே. கடல் கடந்த நாட்டுச் செய்தியென எண்ணத்தக்க இப்பொருள், உண்மையில் எமது அயலூரின் செய்தியே.

கேலியுரு என்பது யாது?

கறுப்பு நிறம் இடம்பெறும் விளையாட்டு எல்லாம் இழிவுபடுத்தும் விளையாட்டு ஆகாது. எமது வீடுகளில் விளையாடப்படும் கரம் விளையாட்டிற் கறுப்புக் காய்க்குக் குறைந்த புள்ளியும் வெள்ளைக் காய்க்குக் கூடிய புள்ளியும் வழங்கும் வழக்கம் உண்டு. சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களே முதலில் நகரும். இவற்றில் நிறம் வேறுபாட்டைக் காட்டும் அடையாளம் மாத்திரமே. காய்க்கு முகம் இல்லை. அதனைக் கொண்டு எவரையும் எவரும் சுட்டுவதில்லை.

கேலியுருவோ முகத்தை நாடுவது. ஒரு மக்கட் கூட்டத்தாரின் உடலுறுப்புகளில் ஒன்றிரண்டைத் தெரிந்தெடுத்து, அவற்றை அளவிறந்து பெருக்கி, அதனோடு ஒரு குணத்தையும் சேர்த்து ஒட்டி, இவர்கள் யாவரும் இத்தகையோர் எனக் கூறுவது அது. தடித்த செவ்விதழ், உருண்டு வெளித்தள்ளிய விழி, கரிபோன்ற தோல், சுருண்ட மயிர் என்பன உறுப்புகள். சோம்பல், களவு, மூடத்தனம், ஓயாத சிரிப்பு என்பன ஒட்டப்பட்ட குணங்கள். தனி மனிதர் ஒருவரின் மூக்கைப் பெரிதாக்கி வரையும் பத்திரிகைச் சித்திரக்காரர் அம்மனிதரின் செயலை விமரிசிக்கிறார். இனக் கேலியுருவை வரைபவரோ எவர் செயலையும் விமரிசிப்பதில்லை, பிறப்பையே குற்றமாக்குகிறார். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே மேற்செல்லல் வேண்டும்.

மேடையிலிருந்து விளையாட்டறைக்கு

இக்கேலியுருவின் பிறப்பிடம் அமெரிக்க நாடக மேடை. 1830களில் தோமஸ் டார்ட்மத் ரைஸ் என்னும் வெள்ளையின நடிகர் எரித்த தக்கையின் கரியை முகத்திற் பூசிக்கொண்டு, 'ஜிம் குரோ' என்னும் பாத்திரமாக ஆடிப்பாடிப் பெரும் புகழ் எய்தினார். அவரைப் பின்பற்றிக் கரிபூசிய நடிகர் குழுக்கள் பல எழுந்தன. அமெரிக்காவின் தென் மாநிலங்களிற் பிற்காலத்தில் நிலவிய இனப்பிரிப்புச் சட்டங்கள் யாவும் 'ஜிம் குரோச் சட்டங்கள்' என்று அழைக்கப்பட்டமை, மேடைக் கேலி எவ்வளவு தூரம் சென்று வேரூன்றியது என்பதற்குத் தக்க சான்றாகும். சிரிப்பதற்கென்று சூட்டப்பட்ட பெயர், ஈற்றில் ஒரு மக்கட் கூட்டத்தின் வாக்குரிமையையும் கல்வியுரிமையையும் மறுத்த சட்டத்தின் பெயராயிற்று.

இக்கரிபூசிய ஆட்டம் அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1860களிற் பம்பாய்க்கு வந்த டேவ் கார்சன் என்னும் நடிகர் அதே பாணியில் வங்காளத்துப் 'பாபு'வையும் பார்சியரையும் கேலிசெய்து பாடி ஐரோப்பியரை மகிழ்வித்தார். ஒரு முறை செய்யப்பட்ட அச்சு எவர் முகத்துக்கும் பொருத்தப்படலாம் என்பதையே இது காட்டுகிறது.

மேடையில் நின்ற உரு விரைவிலேயே விளையாட்டறைக்குள் நுழைந்தது. 1880களில் அமெரிக்காவின் பபலோ நகரிலிருந்த ஷெப்பேர்ட் இரும்புப்பொருள் நிறுவனம் ஒரு காசு உண்டியலைச் செய்து விற்றது. மார்பளவான ஒரு கறுப்பின மனிதனின் இரும்பு உரு அது. நீட்டிய கையிற் காசை வைத்துப் பின்னால் உள்ள நெம்பியை அழுத்தினாற் கை உயரும், காசு வாய்க்குள் விழும், விழிகள் உருளும். சேமிப்புப் பழக்கத்தைக் குழந்தைக்குக் கற்பிக்கும் பொருள் என்றே பெற்றோர் இதனை வாங்கினர். குழந்தை சேமிப்போடு வேறொன்றையும் சேர்த்துக் கற்றது என்பது அவர் சிந்தனையில் எழவில்லை.

இதனினும் கொடியது சந்தைகளிலும் களியாட்ட விழாக்களிலும் நடைபெற்ற ஒரு பந்தய விளையாட்டு. தொங்கவிட்ட துணித்திரையின் துளையூடாகக் கறுப்பின மனிதர் ஒருவர் தம் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார். காசு கொடுத்தவர் அத்தலையைக் குறிபார்த்துப் பந்தெறிவர். அடிபட்டாற் பரிசு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை இவ்விளையாட்டு நிலவியது. மனிதத் தலைக்குப் பதிலாக மரத்தலை வைக்கும் வழக்கமும் ஏற்பட்டது. ஆயினும் மரத்தலையிலும் அதே முகமே வரையப்பட்டது. கடையில் விற்ற தகரக் குறிப்பலகைகளும் அம்முகத்தையே தாங்கின. ஒரு குழந்தை தன் வீட்டு முற்றத்தில் நின்று ஒரு முகத்தைக் குறிபார்த்து அடிக்கப் பழகுகிறது எனின், அது பெரியவனாகும்போது அம்முகத்தை உடைய மனிதனை எவ்வாறு நோக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் இவ்வுரு வேறொரு வடிவம் எய்தியது. 1895இல் புளோரன்ஸ் கேற் அப்டன் என்னும் ஓவியர் இரண்டு ஒல்லாந்து மரப்பாவைகளும் 'கொலிவொக்' என்னும் கறுப்புப் பொம்மையும் செய்யும் வீரச்செயல்களை ஒரு படக்கதை நூலாக வெளியிட்டார். அமெரிக்காவில் தாம் சிறுமியாயிருந்தபோது விளையாடிய பழம் பொம்மை ஒன்றையே அவர் மாதிரியாகக் கொண்டார். அக்கதையிற் கொலிவொக் நல்லவன். எனினும் அவன் முகம் கரிபூசிய மேடை நடிகனின் முகமே. பிரான்சிய இசையறிஞர் டெபுசி 1908இல் வெளியான தம் பியானோ இசைத்தொகுதியில் ஓர் ஆட்டத்துக்கு அவன் பெயரையே சூட்டினார். 1910 முதல் ரொபேட்சன் நிறுவனத்தின் ஜாம் போத்தல்களில் அவன் படம் இடம்பெற்றது. அப்படத்தைச் சேர்த்து அனுப்பிய பிள்ளைகள் சட்டையிற் குத்தும் பதக்கங்களைப் பரிசாகப் பெற்றனர். அந்நிறுவனம் அவ்வடையாளத்தைக் கைவிடுவதாக அறிவித்தது 2001இலேயே ஆகும்.

அப்டனின் கதையில் நல்லவனாயிருந்த கொலிவொக், அரை நூற்றாண்டின்பின் எனிட் பிளைற்றனின் கையிற் கள்வனாகினான். 1951இல் வெளியான 'நொடி' கதை நூல் ஒன்றில், இருண்ட காட்டிற் கொலிவொக்குகள் நொடியை வழிமறித்து அவன் காரையும் உடைகளையும் பறித்துச் செல்கின்றன. எமது நாட்டுப் பாடசாலை நூலகங்களிலும் எனிட் பிளைற்றனின் நூல்கள் பல தலைமுறையினராற் படிக்கப்பட்டன என்பதை மறத்தலாகாது. 1980களின் பிற்பகுதியிற் புதிய பதிப்புகளிற் கொலிவொக்குகளின் இடத்தைக் குட்டிப் பூதங்கள் பெற்றன. கதை சிறிதும் குன்றவில்லை. கள்வனுக்கு ஒரு மக்கட் கூட்டத்தின் முகம் தேவைப்படவேயில்லை என்பது அதனாற் புலனாயிற்று.

சென்னையிற் பிறந்த சாம்போ

இவ்வரலாற்றில் தமிழ் நிலத்துக்கும் ஒரு பங்குண்டு. ஆபிரிக்க வழிவந்தோரை இழித்துரைக்கும் 'சாம்போ' என்னும் பெயரை உலகெங்கும் பரப்பிய நூல் அமெரிக்காவில் எழுதப்பட்டதன்று, தென்னிந்தியாவில் எழுதப்பட்டது.

ஹெலன் பனர்மன் (1862–1946) எடின்பரோவிற் பிறந்த ஸ்கொத்லாந்துப் பெண்மணி. அவர் கணவர் இந்திய மருத்துவ சேவையில் வைத்தியர். இருவரும் சென்னையில் வாழ்ந்தனர். தம் சிறு பெண்மக்களை மலைவாழிடத்தில் விட்டுச் சென்னைக்குத் திரும்பிய நீண்ட இரயிற் பயணத்தில், அவர்களை மகிழ்விக்கும் பொருட்டு 1898இல் அவர் ஒரு கதையை எழுதிப் படமும் வரைந்தார். 'சின்னக் கறுப்புச் சாம்போவின் கதை' என்னும் அந்நூல் 1899இல் இலண்டனில் வெளியாயிற்று. சிறுவன் ஒருவன் தன் புத்தாடைகளை ஒவ்வொன்றாகப் புலிகளிடம் கொடுத்து உயிர்தப்புகிறான். புலிகள் தமக்குள் பொறாமைகொண்டு மரத்தைச் சுற்றி ஓடி உருகி நெய்யாகின்றன. அந்நெய்யில் அவன் தாய் அப்பம் சுட்டுக் கொடுக்கிறாள்.

புலி உள்ள நாடு இந்தியாவே அன்றி ஆபிரிக்கா அன்று. நெய்யும் இந்தியப் பொருளே. அவ்வாறாயிற் கதையிற் தோன்றும் சிறுவன் இந்தியச் சிறுவனாக, சென்னைச் சூழலிற் காணப்பட்ட சிறுவனாகவே இருத்தல் வேண்டும். ஆயின் படத்தில் அவன் முகம் அமெரிக்க மேடையின் கரிபூசிய முகத்தையே ஒத்திருக்கிறது. பெயரும் அங்கிருந்தே வந்தது. முப்பதாண்டுகள் இந்தியாவில் வாழ்ந்த பெண்மணிக்கு, கண்முன்னே இருந்த மக்களின் முகம் தெரியவில்லை. பழகிய அச்சே தெரிந்தது. கேலியுருவின் ஆற்றலை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

அவர் பதிப்புரிமையைச் சிறுதொகைக்கு விற்றுவிட்டமையால் நூலின் கதி அவர் கையை விட்டு நீங்கியது. அமெரிக்கப் பதிப்பாளர் பலர் தத்தம் மனம்போனவாறு படங்களை மாற்றினர். மாற்றப்பட்ட படங்கள் மூலத்தினும் இழிந்தன. அப்பெயராற் பலகை விளையாட்டுகளும் குறிபார்த்தடிக்கும் விளையாட்டுகளும் விற்பனைக்கு வந்தன. 1930களிற் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ் இந்நூலைக் கண்டித்து, வெள்ளைக் குழந்தைகளுக்கு வேடிக்கையாயிருப்பது கறுப்புக் குழந்தைக்கு நோவாயிருக்கிறது என்னும் பொருள்பட எழுதினார். வகுப்பறையில் இக்கதை படிக்கப்பட்ட நாளில் இருந்து 'சாம்போ' என்னும் பட்டப்பெயரைச் சுமந்த பிள்ளைகள் அந்நாட்டிற் பலர்.

எனினும் இக்கதை முற்றாக ஒழிக்கப்படவில்லை. 1996இல் இரண்டு புதிய வடிவங்கள் வெளிவந்தன. ஒன்றில் ஃபிரெட் மார்செலினோ என்னும் ஓவியர் மூலக்கதையின் வாசகத்தைப் பெரிதும் பேணி, பெயர்களை மட்டும் இந்தியப் பெயர்களாக்கி, இந்தியச் சிறுவனையே வரைந்தார். மற்றொன்றில் ஜூலியஸ் லெஸ்டர், ஜெரி பிங்க்னி என்னும் கறுப்பினக் கலைஞர் இருவர் கதையைத் தம் மொழியில் மீட்டுக் கூறினர். கேலியுரு நீங்கியபின்னும் புலிகள் உருகி நெய்யாகும் விந்தை குழந்தைகளை மகிழ்வித்தது. இழிவு கதையின் உயிர் அன்று, அதன்மேற் படிந்த அழுக்கே என்பது இதனாற் பெறப்படும்.

புத்தளக் கரையின் மெய்யுரு

இனி, இக்கேலியுருவுக்கு எதிரே மெய்யான மனிதரின் வரலாற்றை நிறுத்தி நோக்குவாம்.

ஆபிரிக்கர் இலங்கைக்கு வந்தமை ஐரோப்பியர் வருகைக்கு முந்தியது. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டதைத் தம் குறிப்பில் எழுதியுள்ளார். அதே குறிப்பில், கொழும்பிற் கடலின் அதிபதியாக விளங்கிய ஜாலஸ்தி என்பவரிடம் ஏறக்குறைய ஐந்நூறு அபிசீனியர் இருந்தனர் என்றும் கூறுகிறார். இந்து சமுத்திர வணிகத்தில் ஆபிரிக்கர் மாலுமிகளாகவும் படைவீரராகவும் பணியாற்றிய காலம் அது.

போர்த்துக்கேயர் மொசாம்பிக் முதலாய கிழக்காபிரிக்கக் கரைகளிலிருந்து ஆபிரிக்கரை அடிமைகளாகவும் படையினராகவும் கொண்டுவந்தனர். ஒல்லாந்தரும் அடிமைகளைக் கொண்டு கோட்டைப் பணிகளைச் செய்வித்தனர். கொழும்பில் ஒல்லாந்தக் கம்பனி தன் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த பகுதி ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்று வழங்கிற்று. தமிழில் அது கொம்பனித்தெரு. ஒரே இடத்துக்கு ஆங்கிலப் பெயர் அடிமையை நினைவூட்ட, தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் ஆண்டவனான கம்பனியையே நினைவூட்டுவது சிந்திக்கத்தக்கது.

பிரித்தானியர் காலத்தில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் (1798–1805) கோவா வழியாக ஆபிரிக்கரைப் பெற்றுப் படைப்பிரிவாக்கினார். 1803இல் மூண்ட கண்டிப் போரிலும் பின்வந்த போர்களிலும் காப்பிரிப் படையினர் பங்குபற்றினர். காலப்போக்கில் இவர்களின் படைப்பிரிவுகள் இலங்கை ரைபிள் படையோடு இணைந்தன. அப்படையும் 1873இற் கலைக்கப்பட்டது. படையிலிருந்து நீங்கியோரிற் சிலர் புத்தளத்திலும் அதன் சுற்றூர்களிலும் குடியமர்ந்தனர். அவர் வழிவந்தோரே இன்று சிராம்பியடியில் வாழ்பவர்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கர். சிங்களவரோடும் தமிழரோடும் மணவுறவு கொண்டு கலந்துள்ளனர். சிங்களமும் தமிழும் பேசுகின்றனர். முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்புமொழி இன்று பெரும்பாலும் பாடல்களிலேயே எஞ்சியுள்ளது.

அப்பாடல் மரபே 'மஞ்ஞா' எனப்படுவது. மேளமும் மண்டலினும் மாத்திரமன்றி, சிரட்டையும் கரண்டியும் கண்ணாடிப் போத்தலுங்கூட அதிற் தாளக்கருவிகளாகும். மெல்லத் தொடங்கும் பாடல் படிப்படியாக விரைவுற்று, ஈற்றில் இருந்தவரையும் எழுப்பி ஆடச்செய்யும். ஷிஹான் டி சில்வா ஜயசூரிய முதலிய ஆய்வாளர் இம்மரபை ஆராய்ந்து எழுதியுள்ளனர். இலங்கை மக்கள் யாவரும் இனபேதமின்றி ஆடும் பைலா இசைக்கு 'கஃப்றிஞ்ஞா' என்னும் ஆட்டமரபு ஒரு மூலம் என்பர். அப்பெயரே காப்பிரியரைச் சுட்டுவது. சிலோன் மனோகர் பாடித் தமிழகமெங்கும் புகழ்பெற்ற 'சுராங்கனி' என்னும் பாடலும் பைலாவின் வழிவந்ததே. திருமண வீட்டில் அப்பாட்டுக்கு ஆடும் எம்மில் எத்தனை பேர், அத்தாளத்தை இந்நாட்டுக்குத் தந்தவர் யாரென எண்ணிப் பார்க்கிறோம்?

கேலியுருவிற் கறுப்பின மனிதன் ஓயாமற் சிரித்து ஆடுகிறான். அவனுக்கு ஊர் இல்லை, போர் இல்லை, முன்னோர் இல்லை. மெய்யுருவிலோ அடிமைத்தளை உண்டு, போர்க்களம் உண்டு, மொழியை இழந்தும் பாட்டைக் காத்த உறுதி உண்டு. அவர்களும் ஆடுகிறார்கள், ஆனால் அது பிறர் கண்டு நகைப்பதற்கு ஆடும் ஆட்டமன்று. இரண்டுக்குமுள்ள இடைவெளியே இக்கட்டுரையின் உட்பொருள்.

பெயரும் பழிச்சொல்லும்

'காப்பிரி' என்னும் பெயர் 'காஃபிர்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. இறைவனை ஏற்காதவன் என்பது அதன் பொருள். அரபு வணிகரிடமிருந்து போர்த்துக்கேயர் பெற்ற அச்சொல், தென்னாபிரிக்காவில் வெள்ளையராட்சிக் காலத்திற் கறுப்பின மக்களை நோக்கி வீசப்பட்ட கொடிய வசைச்சொல்லாயிற்று. இன்று அந்நாட்டில் அதனை ஒருவரை நோக்கிக் கூறுவது நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லத்தக்க குற்றம்.

சிராம்பியடியிலோ நிலை வேறு. அம்மக்கள் தம்மைக் காப்பிரியர் என்றே கூறிக்கொள்கின்றனர். அப்பெயரை இழிவாகக் கொள்வதில்லை. ஆகவே, தென்னாபிரிக்காவின் சட்டத்தைக் காட்டி அவர்தம் பெயரை நாம் மாற்றப் புகுவது, அவர்களைக் கேளாமலே அவர்களுக்குப் பெயரிட்ட பழைய வழக்கத்தின் மற்றொரு வடிவமே ஆகும்.

அவ்வாறாயின் அச்சொல்லில் எவ்விடர்ப்பாடும் இல்லையா? உண்டு; அஃது எம்மிடத்தில் உள்ளது. எமது பேச்சுவழக்கிற் 'காப்பிலி' என்னும் சொல் அம்மக்களைச் சுட்டுவதற்குப் பயன்படுவதிலும் பார்க்க, சுருண்ட மயிரும் கரிய மேனியும் உடைய பிள்ளையைப் பழிப்பதற்கே கூடுதலாகப் பயன்படுகிறது. பாலாவிப் பக்கத்திலும் வகுப்பறைகளில் இப்பட்டப்பெயரைச் சுமந்த பிள்ளைகள் உளர். பத்து வயதுப் பிள்ளை தன் தலைமயிரைத் தேங்காயெண்ணெய் தேய்த்து நேராக்க முயல்வதை நாம் வேடிக்கையாகக் கண்டிருக்கிறோம். சிராம்பியடி மக்களுக்கு அச்சொல் முன்னோரின் பெயர். எமது வகுப்பறையில் அதுவே கொலிவொக்கின் முகம். ஒரே சொல்லை ஒரு கையிற் பெயராகவும் மறுகையிற் கல்லாகவும் ஆக்குவது பயன்படுத்துவோரின் உள்ளமே. எனவே திருத்தப்பட வேண்டியது அவர்களின் பெயரன்று, எமது பயன்பாடு.

பிறர் எம்மை வரைந்ததும் நாம் பிறரை வரைந்ததும்

கேலியுருவுக்கு ஆளானோர் ஆபிரிக்கர் மட்டும் அல்லர். 1880களில் ஜெர்மானிய விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக், இலங்கையிலிருந்து சிங்களவரையும் தமிழரையும் யானைகளோடு கப்பலேற்றி ஐரோப்பிய நகரங்களிற் காட்சிப்பொருளாக்கினார். அவர் குடும்பத்தவரான ஜோன் ஹாகன்பெக் கொழும்பிற் தொடங்கிய விலங்குச் சேகரிப்பே 1936இல் அரசினாற் பொறுப்பேற்கப்பட்டுத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையாயிற்று. அதே காலப்பகுதியில் ஒளிப்படக்காரர் எம்மவரை 'தமிழ்க் கூலி', 'தமிழ்ப் பெண்' எனப் பெயரின்றி வகைப்படுத்திய அஞ்சலட்டைகளை ஆயிரக்கணக்கில் விற்றனர். கொழுந்து பறிக்கும் பெண் தேயிலைப் பெட்டியின்மேல் ஓயாது சிரித்தாள். லயன் அறையின் துன்பம் அச்சிரிப்பில் இல்லை. நெம்பியை அழுத்தினால் விழியுருட்டும் இரும்பு உண்டியலுக்கும் அச்சிரிப்புக்கும் உறவு உண்டு.

இவ்வாறு வரையப்பட்ட நாம் பிறரை வரையாதிருந்தோமா? அண்டை அயலாரை வேற்றுருவாகக் காணும் இயல்பு எல்லாச் சமுதாயத்துக்கும் உண்டு. சிங்களவரின் பதினெட்டுச் சன்னிப் பேய்களுள் 'தெமள சன்னிய' என ஒன்று கூறப்படுவதும் அத்தகையதே. எனினும் அஃது நோய் தீர்க்கும் சடங்கின் பகுதி. தமிழர் தம்முள்ளேயே நிகழ்த்திய கேலி அவ்வாறு சடங்குப் போர்வையும் பெறாதது. 2007இல் வெளியான 'சிவாஜி' திரைப்படத்தில் இரு சகோதரியர் முகத்திற் கரிய பூச்சுடன் தோன்றுகின்றனர். கதாநாயகன் அவர்களைக் கண்டு அஞ்சி ஓடுவதே நகைச்சுவை. அவர்களுக்கிட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. பறம்பை இழந்து தந்தையை இழந்து நின்ற பாரி மகளிர்க்குப் பிற்கால மரபு வழங்கிய பெயர்கள் அவை. தமிழிலக்கியத்தின் பெருந்துயர்ப் பாத்திரங்களின் பெயர்கள், கறுப்பு மேனி கண்டு சிரிப்பதற்குப் பயன்பட்டன. அதே படத்திற் கதாநாயகன் வெள்ளை நிறம் பெற முயலும் காட்சிகளும் உள. இதனை எதிர்த்து எழுந்த குரல்கள் சிலவே. அரங்கிற் சிரித்தவரோ பலர்.

இந்நிறவெறுப்புக்கு ஐரோப்பியரையே முழுக்காரணமாகக் காட்டித் தப்பிக்கொள்ளுதல் இயலாது. 1707இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகள் தனியே இடம்பெற்றுள்ளன. யாழ்ப்பாணத்திலும் அடிமைமுறை நிலவியது. 1844ஆம் ஆண்டுச் சட்டமே இலங்கையில் அதனை முற்றாக ஒழித்தது. பிறப்பினால் மனிதரைத் தாழ்த்தும் பழக்கம் எம்மிடம் முன்பே இருந்தது. கேலியுரு வந்தபோது அதற்கு இடங்கொடுக்க எமது உள்ளத்தில் ஒரு பீடம் ஆயத்தமாயிருந்தது எனல் பிழையாகாது.

அழிப்பதா, வைத்திருப்பதா?

இப்பழம்பொருள்களை இன்று என்செய்வது என்பது எளிய வினாவன்று. எல்லாவற்றையும் எரித்துவிடல் வேண்டும் என்பர் சிலர். அவை அக்காலத்து வேடிக்கை, இன்று அதைப் பெரிதுபடுத்துவானேன் என்பர் வேறு சிலர்.

வேடிக்கை என்போர்க்கு விடை 1940களிலேயே கிடைத்துவிட்டது. கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலாளர் தம்பதியர், நிறத்திலன்றி வேறெதிலும் மாறுபடாத பொம்மைகளைச் சிறுவர் முன் வைத்து வினவினர். கறுப்பினக் குழந்தைகளிற் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையே நல்லது என்றனர். தம்மை ஒத்த பொம்மை எது எனக் கேட்டபோது சில குழந்தைகள் அழுதனர்; சிலர் எழுந்து ஓடினர். 1954இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் பாடசாலைகளில் இனப்பிரிப்புச் செல்லாதெனத் தீர்த்தபோது இவ்வாய்வையும் எடுத்துக்காட்டியது. பொம்மை வெறும் பொம்மை அன்று என்பது நீதிமன்றமும் ஒப்பிய உண்மை.

அழித்துவிடல் வேண்டும் என்போர்க்கு விடை வேறு. பெயரை மாத்திரம் நீக்கினால் எண்ணம் நீங்கிவிடும் என்பதில்லை. மலாயா, சிங்கப்பூர், தாய்வான் முதலிய நாடுகளில் விற்ற ஒரு பற்பசை, கரிபூசிய மேடை நடிகனின் முகத்தையும் கறுப்பினத்தாரை இழிக்கும் ஆங்கிலப் பெயரையும் தாங்கியிருந்தது. 1989இல் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி 'டார்லி' ஆக்கினர். ஆயினும் 'கறுப்பர் பற்பசை' எனப் பொருள்படும் சீனப் பெயர் அதன்பின்னும் முப்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1975இல் இந்தியாவில் அறிமுகமான 'பெயார் அன்ட் லவ்லி' பூச்சு 2020இல் 'குளோ அன்ட் லவ்லி' ஆயிற்று. பெயர் மாறிற்று, திருமண விளம்பரங்களில் 'சிவந்த மேனி' கேட்பது மாறிற்றா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபெரிஸ் பல்கலைக்கழகம் மூன்றாவது வழியொன்றைக் காட்டுகிறது. டேவிட் பில்கிரிம் என்னும் கறுப்பினச் சமூகவியலாளர் தாம் சிறுவயது முதற் சேகரித்த கேலியுருப் பொருள்களை அப்பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். அவற்றைக் கொண்டு அமைந்த 'ஜிம் குரோ அருங்காட்சியகம்' 2012இல் விரிவுபெற்றது. உண்டியலும் கொலிவொக்கும் குறிப்பலகையும் அங்கே உள. ஆயின் விற்பனைக்கன்று, விளக்கத்துக்கு. அவற்றின் அருகே அக்காலத்துச் சட்டங்களும் வன்செயல்களும் எடுத்துரைக்கப்படுகின்றன. நஞ்சைப் போத்தலில் இட்டு, பெயர் எழுதி, கற்பித்தற்குப் பயன்படுத்தும் முறை அது.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால், கேலியுரு அறியாமையிற் பிறந்து அறியாமையை வளர்ப்பது என்பதும், அதனை வெல்ல வல்லது தடை மட்டும் அன்று, மெய்யுருவை அறிதலே என்பதும் பெறப்படும்.

எமது பகுதி மாணவர்க்கு மெய்யுரு எட்டாத தொலைவில் இல்லை. எனினும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் இன அட்டவணையிற் காப்பிரியர்க்குத் தனி நிரல் இல்லை. அவர்கள் 'ஏனையோர்' என்பதனுள் அடங்குகின்றனர். கேலியுரு ஒரு மக்களின் முகத்தைத் திரிக்கிறது. 'ஏனையோர்' என்னும் சொல் அம்முகத்தை மறைக்கிறது. இரண்டும் வெவ்வேறு தீங்குகளாயினும் விளைவு ஒன்றே: அயலான் அயலானை அறியாதிருத்தல்.

கேரளத்தின் கொச்சியில் 'காப்பிரி முத்தப்பன்' என்னும் ஒரு காவல் தெய்வம் உண்டு. 1663இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியபோது, தப்பியோடிய போர்த்துக்கேயர் தம் ஆபிரிக்க அடிமைகளைக் கொன்று செல்வத்தோடு சுவர்களிற் புதைத்தனர் என்பது அங்கு வழங்கும் கதை. அவ்வாறு மாண்டோரின் ஆவிக்கு மக்கள் இன்றும் கள்ளும் சுருட்டும் படைத்து விளக்கேற்றுகின்றனர். பெயரறியாத அடிமைக்கு அந்நகரத்து எளிய மக்கள் செய்த மரியாதை அது. சிராம்பியடி மக்கள் தெய்வமாக்கப்பட வேண்டியவர் அல்லர். உயிரோடு வாழும் அயலவர். அவர்களின் வரலாற்றைப் புத்தளம் மாவட்டப் பாடசாலைகள் தத்தம் ஊர் வரலாற்றோடு சேர்த்துக் கற்பித்தலும், மஞ்ஞாப் பாடல்களின் சொற்களைப் பாடுவோர் வாய்மொழியாகவே பல்கலைக்கழகங்கள் பதிவுசெய்து பேணுதலும், வகுப்பறையில் ஒரு பிள்ளையின் மயிரையும் மேனியையும் பழிக்கும் சொல் எழும்போது ஆசிரியர் அதனைக் கேளாதவர்போற் கடந்து செல்லாதிருத்தலும் உடனே செய்யத்தக்கவை. பெரும்பணம் வேண்டாத இம்மூன்றும் நிறைவேறின், பாலாவியிலிருந்து சிராம்பியடிக்குள்ள தூரம் உண்மையிலேயே குறைந்துவிடும்.